பரணுக்குப் போகாத ஆட்டம் எது?



பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டி பரிசாக வருகிறது. பளபளக்கும் அட்டை, வண்ண வண்ணக் காய்கள், கட்டுக்கட்டாகச் சீட்டுகள்! முதல் நாள் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறது. மறுநாள் இரண்டு பேர் ஆடுகிறார்கள். மூன்றாவது வாரம் அந்தப் பெட்டி பரணில் ஏறிவிடுகிறது. ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால், நான்கு காய்களைக் காணோம். மூலையில் பல்லி முட்டை!

இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அதற்குப் பெட்டியே கிடையாது. திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்து ஆடுவது. தாத்தாவின் தாத்தா ஆடினார். இன்றும் ஆட ஆளிருக்கிறது. ஒரு ஆட்டம் மூன்றே வாரத்தில் அலுக்கிறது, இன்னொன்று மூன்று தலைமுறை தாண்டி நிற்கிறது. என்ன காரணம்?

கடையில் ஒரு ஆட்டத்தைக் கையில் எடுக்கும்போதே, "இது நம் வீட்டில் நிலைக்குமா?" என்று கண்டுபிடிக்க முடிந்தால் அப்பாவின் பணமும் மிச்சம், உங்கள் ஏமாற்றமும் மிச்சம். அதற்கு ஐந்து கேள்விகள் போதும். வாருங்கள், நமக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து ஆட்டங்களையே பரீட்சை எழுத வைப்போம். பரமபதம், தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், செஸ்!

மாமல்லபுரத்துக்கு வந்த உலகம்

கேள்விகளுக்கு முன்னால், கடற்கரை வரை ஒரு நடை போய் வரலாமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரம் என்றால் நமக்குக் கடற்கரைக் கோயிலும், ஐந்து ரதங்களும்தான் ஞாபகம் வரும். 2022-ல் உலகத்துக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் வந்தது. அதுதான் செஸ்! அந்த வருடம் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. இந்தியாவில் ஒலிம்பியாட் நடந்தது அதுவே முதல் முறை. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'தான் போட்டியின் சின்னம். 1,700-க்கும் மேற்பட்ட வீரர்களும் வீராங்கனைகளும் வந்திருந்தார்கள். அவர்களில் மிகச் சிறியவர் யார் தெரியுமா? பாலஸ்தீனத்திலிருந்து வந்த 8 வயதுச் சிறுமி!

யோசித்துப் பாருங்கள். சதுரங்கம் நம் நாட்டில் தோன்றி ஏறக்குறைய 1,500 வருடம் ஆகிறது. இன்றைய விதிகளுக்கே சுமார் 500 வயது. அதே 64 கட்டம், அதே 32 காய். புதிதாக ஒரு காயைக்கூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் 8 வயதுச் சிறுமிக்கும் அது அலுக்கவில்லை, உலக சாம்பியனுக்கும் அலுக்கவில்லை. நிலைத்து நிற்கும் ஆட்டம் என்றால் அதுதானே?

அப்படியானால் செஸ்தான் நம் வீட்டுக்கும் சிறந்த ஆட்டமா? அவசரப்படாதீர்கள். பரீட்சை முடியட்டும்!

கேள்வி 1: உங்கள் முடிவுக்கு அங்கே வேலை உண்டா?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். ஏணி கிடைத்தால் 'ஹையா!' பாம்பு கடித்தால் 'ஐயோ!' நல்ல குணம் மேலே ஏற்றும், கெட்ட குணம் கீழே இறக்கும் என்று சொல்லிக் கொடுக்கிற ஆட்டம் அது.

இப்போது ஒரு சோதனை. உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் பையன் உருட்டி, உங்கள் காயை நகர்த்தினால் என்ன வித்தியாசம் வரும்? ஒன்றுமே வராது! விழுந்த எண்ணுக்கு ஏற்பக் காய் போகிறது. நீங்கள் யோசிக்க அங்கே எதுவும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும். பத்து வயதாகும்போது, "நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?" என்று தோன்றிவிடும்.

தாயத்திலும் உருட்டத்தான் செய்கிறோம். ஆனால் 5 விழுந்தால் எந்தக் காயை நகர்த்துவது? எதிரியின் காயை வெட்டலாமா? நம் காயை மலையில் ஏற்றிப் பத்திரமாக உட்கார வைக்கலாமா? இல்லை, பழமாக்க ஓடலாமா? கட்டை அதிர்ஷ்டத்தைத் தருகிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது நம் கையில்.

ஆடு புலியிலும், பல்லாங்குழியிலும், செஸ்ஸிலும் உருட்டும் வேலையே இல்லை. எல்லாம் நம் முடிவுதான்.

கேள்வி 2: ஒவ்வொரு முறையும் வேறு கதையா?

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எக்ஸ் - ஓ ஆடாதவர் உண்டா? மொத்தம் ஒன்பது கட்டம்தான். விஷயம் தெரிந்த இருவர் கவனமாக ஆடினால், எப்போதும் சமன். ரகசியம் தெரிந்த அன்றோடு அந்த ஆட்டத்தின் உயிர் போய்விடுகிறது.

செஸ்ஸின் கணக்கைப் பாருங்கள். வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வழிகள். எட்டுச் சிப்பாய்களும் ஆளுக்கு இரண்டு விதமாக நகரலாம், அது 16. இரண்டு குதிரைகளும் ஆளுக்கு இரண்டு விதமாகத் தாவலாம், அது 4. பதிலுக்குக் கறுப்புக்கும் 20 வழிகள். ஆக, ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியதும் 400 விதம்! மூன்றாவது நகர்த்தலில் 8,902 விதம். நான்காவதில் 1,97,281 விதம். ஆளுக்கு இரண்டே முறை நகர்த்தியதற்குள் இப்படி! நேற்று ஆடிய ஆட்டமே இன்றும் வருவது எப்படி?

ஜெர்மனியில் 1995-ல் வெளிவந்த 'கட்டான்' என்ற ஆட்டத்துக்கு வேறு தந்திரம். அதில் நிலமே 19 அறுகோண அட்டைகளாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அவற்றைக் கலைத்து அடுக்கினால், ஆடும் தீவே புதிதாக மாறிவிடும்.

கம்ப்யூட்டர்கள் விடை கண்டுபிடித்துவிட்ட ஆட்டங்களும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் என்பவரின் குழு, 1989-ல் தொடங்கி 2007-ல் 'செக்கர்ஸ்' ஆட்டத்துக்கு விடை கண்டுபிடித்து முடித்தது. இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் சமன் என்பதுதான் விடை. நம் ஆடு புலிக்கு நேபாளத்தில் ஒரு சகோதரன் இருக்கிறான். 4 புலி, 20 ஆடு, 25 புள்ளிகள் கொண்ட 'பாக் சால்'. அதற்கும் கம்ப்யூட்டர் சொன்ன விடை சமன்தான்.

அப்படியென்றால் இந்த ஆட்டங்கள் செத்துப் போய்விட்டனவா? இல்லவே இல்லை! அந்த விடையைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கலாம். மனிதர்களால் முடியாது. எக்ஸ் - ஓவின் விடை நம் தலைக்குள் அடங்கும். இவற்றின் விடை அடங்காது. அதனால்தான் இவை நிலைக்கின்றன.

கேள்வி 3: தோற்றவர் 'இன்னொரு ஆட்டம்' கேட்கிறாரா?

ஐந்திலும் முக்கியமான கேள்வி இதுதான். ஜெயித்தவர் எப்போதும் இன்னொரு ஆட்டம் கேட்பார். தோற்றவர் கேட்டால்தான் அது நல்ல ஆட்டம்.

தோற்றவர் எப்போது கேட்பார்? ஏன் தோற்றோம் என்று புரிந்தால் கேட்பார். பாம்பு கடித்துத் தோற்றால், "என் நேரம்" என்று எழுந்து போய்விடுவோம். ஆடு புலியில் தோற்றால் அப்படியில்லை. "அந்த ஆட்டுக்குப் பின்னால் இருந்த புள்ளியைக் காலியாக விட்டேனே! அதனால்தானே புலி தாவியது!" என்று மண்டைக்குள் ஓடும். அடுத்த முறை அந்தப் புள்ளியில் ஓர் ஆட்டை வைத்துப் பார்க்கத் துடிப்போம்.

இதற்கு மாமல்லபுரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022 ஒலிம்பியாடில் குகேஷுக்கு வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் மோதினார். நல்ல நிலையில் இருந்த ஆட்டம். ஒரு தவறு செய்து தோற்றுப்போனார். கடைசியில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது. குகேஷ் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம் கிடைத்தது. முதல் பலகையில் சிறப்பாக ஆடியதற்காகக் குகேஷுக்குத் தனிநபர் தங்கம் கிடைத்தது. ஆனாலும் அந்தத் தோல்வி வலித்திருக்கும் இல்லையா?

அவர் பலகையை மூடி வைத்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா தங்கம் வாங்கியபோது அந்த அணியில் குகேஷ் இருந்தார். அதே வருடம் டிசம்பரில் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பிளவுபடாத உலக சாம்பியன் பட்டத்தை அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் வென்றதில்லை!

தோல்விக்குக் காரணம் தெரிகிற ஆட்டம், நம்மைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி 4: வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை உண்டா?

இங்கேதான் செஸ் மாட்டிக்கொள்கிறது!

நன்றாகச் செஸ் ஆடும் அண்ணனும், இப்போதுதான் கற்றுக்கொண்ட தங்கையும் ஆடினால் என்ன ஆகும்? பத்து முறை ஆடினால் பத்து முறையும் அண்ணன்தான். நான்காவது நாள் தங்கை பலகைப் பக்கமே வர மாட்டாள். மேலும், செஸ்ஸில் இரண்டு பேர்தான் ஆடலாம். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

தாயத்தில் நான்கு பேர் உட்காரலாம். தாத்தாவை எட்டு வயதுப் பேத்தி தோற்கடிக்கவும் செய்யலாம். காரணம் என்ன? கட்டைக்கு வயது தெரியாது! இரண்டு தாயக்கட்டைகள்; ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். ஆக மொத்தம் 4 x 4 = 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் (1) விழ 2 வழிகள்தான். ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை, அல்லது மாறி. இரண்டும் வெறுமையானால் 12. அதற்கு ஒரே ஒரு வழிதான். 3 விழ மட்டும் 4 வழிகள். அதனால்தான் 3 அடிக்கடி விழுகிறது. தாயம் மட்டும் நம்மைக் காக்க வைக்கிறது! தாத்தா தாயத்துக்காகக் காத்துக் கிடக்கும்போது, பேத்தியின் காய் பாதி வழி போயிருக்கும்.

அதற்காக எல்லாமே அதிர்ஷ்டம் என்றாலும் கூடாது, பரமபதம் மாதிரி ஆகிவிடும். அதிர்ஷ்டம் கொஞ்சம், யோசனை கொஞ்சம். பல வயதுக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கலவைதான் சரி.

செஸ்ஸையும் ஆடு புலியையும் கைவிட வேண்டுமா? வேண்டாம், வழி இருக்கிறது. செஸ்ஸில் அண்ணன் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும். தங்கை தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தால், ராணிக்குப் பதில் ஒரு யானையை மட்டும் எடுத்து வைக்கட்டும். ஆடு புலியில் இரண்டு ஆட்டத்தை ஒரு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நீங்கள் புலி, மறுமுறை ஆடு. யார் குறைவான ஆடுகளை இழந்தாரோ அவருக்கே செட்!

இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் பாருங்கள். பாதி ஆட்டத்தில் தோற்றவர் வெளியேறி, மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார வேண்டுமா? சொத்து வாங்கி விற்கும் ஆட்டங்களில் இது நடக்கும். ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த தம்பி, மறுநாள் ஆட வருவானா?

கேள்வி 5: எடுத்து வைக்க எவ்வளவு நேரம்? ஒரு காய் தொலைந்தால்?

சீட்டுகளைப் பிரித்து அடுக்கவே இருபது நிமிடம் ஆகிற ஆட்டத்தை, வீட்டுப் பாடம் முடித்த பிறகு யார் எடுப்பார்கள்? ஒரு சீட்டு தொலைந்தாலே ஆட முடியாது என்றால், அதன் ஆயுள் அந்தச் சீட்டின் ஆயுள்தான்.

பல்லாங்குழியைப் பாருங்கள். 14 குழிகள், குழிக்கு 5 வீதம் 70 முத்துகள். மஞ்சாடி தொலைந்தால் புளியங்கொட்டை. அதுவும் இல்லையென்றால் மாமல்லபுரம் மணலில் பொறுக்கிய சோழியோ சிப்பியோ! பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டிக்கொள்ளலாம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று கையால் தொடாமல் கண்ணாலேயே எண்ணிவிடும் பாட்டிமார்கள் உண்டு. குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அவர்கள் அள்ளுகிற வேகம் இருக்கிறதே... அப்பப்பா!

ஆடு புலியும் அப்படித்தான். தமிழகத்தின் சில பழைய கோயில்களில் கல் தளத்திலேயே அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். செலவு? ஒரு சாக்பீஸ்!

ரிசல்ட் வந்தாச்சு!

கேள்விக்கு 2 வீதம் மொத்தம் 10 மதிப்பெண். ஐந்து கேள்விகளின் வரிசையில் நாம் போட்டது இதோ:

பரமபதம்: 0 + 1 + 0 + 2 + 2 = 5
தாயம்: 1 + 2 + 1 + 2 + 2 = 8
பல்லாங்குழி: 2 + 1 + 2 + 1 + 2 = 8
ஆடு புலி: 2 + 2 + 2 + 1 + 2 = 9
செஸ்: 2 + 2 + 2 + 0 + 1 = 7

உலகமே மாமல்லபுரத்துக்கு வந்து ஆடிய செஸ்ஸுக்கு 7 தானா என்று கோபப்படாதீர்கள். நாம் கேட்டது 'உலகின் சிறந்த ஆட்டம் எது?' என்றல்ல, 'வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்ப ஆடுவது எது?' என்றுதான். உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அளவுக்குச் செஸ் ஆடுவார்கள் என்றால், நாலாவது கேள்விக்கு நீங்கள் 2 போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு மதிப்பெண் மாறும்.

எந்த ஆட்டமும் பத்துக்குப் பத்து வாங்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால் வீட்டில் இரண்டு ஆட்டம் இருப்பது நல்லது. எல்லோரும் சேர்ந்து சிரிக்க, அதிர்ஷ்டம் கலந்த ஒன்று. இருவர் உட்கார்ந்து மூளையைக் கசக்க, அதிர்ஷ்டமே இல்லாத ஒன்று.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை

புது ஆட்டம் எல்லாமே முதல் நாள் இனிக்கும். அந்த இனிப்பை நம்பி முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: 'ஆடலாம்' என்று கேட்டது யார்? ஜெயித்தது யார்? எவ்வளவு நேரம் ஆயிற்று? பாதியில் யாருக்காவது அலுத்ததா?

ஐந்து முறை, வெவ்வேறு நாட்களில் ஆடியதும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 'கேட்டது யார்' என்ற இடத்தில் ஒரே பெயர் இருந்தால், அது ஒருவருக்கான ஆட்டம். மூன்று பெயர்கள் இருந்தால் அது குடும்பத்துக்கான ஆட்டம். தோற்றவரின் பெயரும் அதில் இருந்தால், யோசிக்காமல் வாங்கலாம்!

ஆடு புலி ஆடுவது எப்படி?

கட்டம்: உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து கீழே விரியும் 4 கோடுகள் போடுங்கள். அவற்றின் அடிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். நடுவில் குறுக்காக 3 கோடுகள். அவை இருபுறமும் சற்று வெளியே நீளட்டும். வெளியே நீண்ட முனைகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலிருந்து கீழாக இணைத்துவிடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளில் ஆறு ஆறாக 18, அடியில் 4. மொத்தம் 23 வந்தால் கட்டம் சரி!

காய்கள்: புலிக்கு 3 பெரிய கற்கள், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டைகள்.

விதி: ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைக்க வேண்டும். ஓர் ஆடு வைத்ததும் ஒரு புலி நகரும். 15 ஆடுகளும் இறங்கிய பிறகே ஆடுகள் நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாவி அந்த ஆட்டை வெட்டும். மூன்று புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு ஜெயம். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் சண்டைதான் வரும்!

ஒரு குட்டிக் கணக்கு: ஓர் ஆடுகூட வெட்டுப்படாமல் 15-ம் இறங்கிவிட்டால், காலியாக இருக்கும் புள்ளிகள் எத்தனை? 23-ல் 18 போனால் வெறும் 5! புலிக்கு மூச்சு முட்டும். அதனால் ஆரம்பத்திலேயே வேட்டையாட வேண்டும் என்பது புலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓரமாக, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து இறங்க வேண்டும் என்பது ஆட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன குட்டீஸ், சாக்பீஸ் ரெடியா? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடாமலேயே அவர் வந்து உட்கார்ந்தால், நோட்டில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்!